கருமணல் பொழியில் ஒரு குளியல்

குமரி மாவட்டத்தில் சுரங்கம் பார்க்கப் போகிறவர்கள் தலையில் விளக்குத் தொப்பி மாட்ட வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றினால் போதும். மணவாளக்குறிச்சியில் சுரங்கம் என்பது கடற்கரைதான். முன்னால் அரபிக்கடல், பின்னால் தென்னந்தோப்பு, காலடியில் இல்மனைட்டும் கார்னெட்டும் மோனசைட்டும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கே மணல் அள்ளுகிறார்கள். அள்ளிய இடத்தைக் கடல் திரும்பவும் நிரப்பிவிட்டுப் போகிறது.

இப்படியொரு சுரங்கத்தில் இறங்கிக் குளிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எகிப்திலிருந்து வந்தது. எகிப்துக்குப் போனதில்லை, படித்ததோடு சரி. அங்கே மேற்குப் பாலைவனத்தில், லிபிய எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், சிவா என்றொரு பாலைச்சோலை இருக்கிறது. கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கிற பள்ளம். பேரீச்சையும் ஆலிவும் விளைகிற அளவுக்கு ஊற்றுத் தண்ணீர் உண்டு. ஆனால் பாய்ந்து மிச்சமான தண்ணீர் வெளியேற வழி கிடையாது. அடிக்கிற வெயிலில் அது வற்றி வற்றி உப்பாக உறைகிறது. அந்த ஊர் உப்பு எவ்வளவு கெட்டி என்றால், உப்பும் களிமண்ணும் சேர்ந்த கட்டிகளை அடுக்கியே ஷாலி என்ற கோட்டை ஊரைக் கட்டியிருக்கிறார்கள். பல நூற்றாண்டு நின்ற அந்த ஊர் 1926-இல் பெய்த பெருமழையில் கரைந்து சிதைந்தது. கி.மு. 331-இல் அலெக்சாந்தர் பாலைவனத்தைக் கடந்து அமோன் கோயிலில் குறி கேட்கப் போனதும் இந்த சிவாவுக்குத்தான்.

இப்போது அங்கே போகிறவர்கள் குறி கேட்கப் போகவில்லை. பனி விழும் நாடுகளில் சாலைப் பனியை உருக்குவதற்காக உப்பை வெட்டி எடுக்கிறார்கள். வெட்டிய பள்ளங்களில் ஊறி நிற்கிற நீலப்பச்சைத் தண்ணீரில் மிதப்பதற்காகச் சுற்றுலாக்காரர்கள் வந்து குவிகிறார்கள். நீச்சல் தெரியாதவரும் அதில் மூழ்குவதில்லை. கடல்நீரில் உப்பு 100-க்கு 3.5 பங்குதான். தண்ணீர் கரைக்கக்கூடிய மட்டும் உப்பைக் கரைத்துக்கொண்டால் அது 26 பங்கை நெருங்கும். அப்போது தண்ணீர் நம் உடம்பைவிட நன்றாகவே கனத்துவிடுகிறது. அமுக்கினாலும் உடம்பு கீழே போகாது.

கைவிட்ட சுரங்கம், உப்புத் தண்ணீர், குளியல். மூன்றும் சேர்ந்த இடம் நம் பக்கத்தில் எங்கே இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மணவாளக்குறிச்சி நினைவுக்கு வந்தது. முழுப் பொருத்தம் இல்லை. இங்கே பாலைவனம் கிடையாது, சுரங்கத்தை யாரும் கைவிடவும் இல்லை. அந்தப் பொருத்தமின்மைதான் என்னை அங்கே இழுத்தது.

நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் குளச்சல் போகிற பேருந்தில் ஏறினேன். மாசி மாதம், மண்டைக்காட்டுக் கொடை நடக்கிற சமயம். உட்கார இடமில்லை. வண்டி நிறையப் பெண்கள், பாதிப் பேர் தலையில் இருமுடி. பெண்களின் சபரிமலை என்று பேர் பெற்ற கோயில் அது. கேரளத்திலிருந்தும் ஏராளமாக வருவார்கள். உள்ளே பகவதி அம்மன் புற்று வடிவில், ஆளை அண்ணாந்து பார்க்க வைக்கிற உயரத்தில் இருக்கிறாள். என் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற அம்மா, "கடல்ல குளிச்சிட்டுத்தான் அம்மைய பாக்கப் போவோம். அதுதான் முற" என்றார். எனக்கு முன்பே குளிக்கப் புறப்பட்ட கூட்டம் இது என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தக் கடற்குளியலுக்கு ஒரு கசப்பான நினைவும் உண்டு. 1982 மார்ச்சில், திருவிழாவின்போது கடற்கரையில் எழுந்த தகராறு மதக் கலவரமாகி, துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி, நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் என்று போய் முடிந்தது. இன்றைக்கு அந்த அம்மா கடலைப் பற்றிப் பேசியதில் அதன் சாயல் கொஞ்சமும் இல்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை தாண்டினால் வயலும் வாழையும் பின்வாங்கித் தென்னை முன்னுக்கு வருகிறது. மணவாளக்குறிச்சி சந்திப்பில் இறங்கி ஒரு கட்டஞ்சாயா சொன்னேன். கடைக்காரர் என் தோள்பையைப் பார்த்துவிட்டு, "மணல் கம்பெனிக்கா?" என்றார்.

"இல்ல அண்ணே, குளிக்க."

"குளிக்கவா? குளிக்கதுக்கு இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்திய? உங்க ஊர்ல கொளம் இல்லியா?"

குளங்களுக்குப் பேர்போன மாவட்டத்தில் நின்றுகொண்டு இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? சிரித்துவிட்டுப் பழம்பொரி ஒன்று வாங்கிக்கொண்டு நடந்தேன்.

மணல் கம்பெனி என்று அவர் சொன்னது ஐ.ஆர்.இ.எல். என்கிற இந்திய அரு மணல் ஆலையை. அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிற பொதுத்துறை நிறுவனம். அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, நான் கேட்கவும் இல்லை. சுவரையொட்டிக் கடற்பக்கம் இறங்கினேன்.

சின்னவிளைக் கரையில் முதலில் கண்ணில் படுவது வெறும் மணல்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அது வரி வரியாகப் பிரிகிறது. மேலே வெள்ளை, அலை வந்து திரும்புகிற இடத்தில் கருப்பு, இரண்டுக்கும் நடுவே மாதுளம்பழத்தின் சிவப்பு. குனிந்து ஒரு கை அள்ளினால், கனம் கையை ஏமாற்றுகிறது. சாதாரண மணலின் குவார்ட்ஸ் தண்ணீரைப் போல் 2.65 மடங்கு கனம். கருப்பாக இருக்கிற இல்மனைட் 4.7 மடங்கு, தேன்நிற மோனசைட் ஏறத்தாழ 5 மடங்கு. அள்ளிய கையை மெல்ல ஆட்டினால் வெள்ளை மணல் விளிம்புக்கு ஓடிவிடும், கருப்பு உள்ளங்கையில் தங்கும். அலை செய்கிற வேலையும் இதுதான். சுளகில் அரிசியைப் புடைக்கிற பெண்ணைப் போல, கனமில்லாததைத் தூக்கிக் கடலுக்குள் எறிந்துவிட்டுக் கனத்ததைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. ஆனி ஆடியில் கடல் கொந்தளிக்கும்போது புடைப்பு மும்முரமாகும், கருமணலும் அதிகம் ஒதுங்கும்.

இந்த மணல் கடலில் பிறந்ததல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் சார்னோகைட், கோண்டலைட் பாறைகள் யுகம் யுகமாக மழையில் மக்கி, ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து கடலில் சேர்த்த பொடி. கன்னியாகுமரி சன்னதித் தெருவில் பொட்டலம் போட்டு விற்கிற வண்ண மணலும் இதே குடும்பம்தான். சுசீந்திரத்து மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு வராமல் போனதால், கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிப் போயின என்பது குமரியம்மன் கதை. கரையில் உட்கார்ந்து பார்த்தால் கதை கட்டியவரைக் குறை சொல்லத் தோன்றாது. சில மணிகள் அச்சு அசல் நொய்யரிசி.

அழகாக இருக்கிறது என்பதற்காக இந்த மணலைத் தேடி ஜெர்மானியர் வரவில்லை. அது விளக்குக்காக நடந்தது. மின்விளக்கு பரவுவதற்கு முன் ஐரோப்பியத் தெருக்களில் எரிந்தது வாயு விளக்கு. அதன் சுடரைச் சுற்றிப் போட்டிருக்கும் வலைக்கூட்டை வியன்னாவின் கார்ல் ஆவர் வெல்ஸ்பாக் தோரியம் ஆக்சைடில் செய்து பளிச்சென்று ஒளிர வைத்திருந்தார். நம் கல்யாண ஊர்வலத்துப் பெட்ரோமாக்ஸ் விளக்கின் 'மேண்டில்' அதே சரக்குதான். தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். அதற்கு அவர்கள் பிரேசிலையே நம்பியிருந்தார்கள். அந்த நிலையில் 1909-இல் ஷாம்பர்க் என்கிற ஜெர்மன் வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் மின்னுவதைக் கண்டுபிடித்தார் என்று சொல்கிறார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. சில ஆண்டுகளில் இங்கே ஆலை எழுந்தது, பிறகு கொல்லத்தை அடுத்த சவராவிலும். முதல் உலகப்போர் மூண்டதும் எதிரிநாட்டவரான ஷாம்பர்க் கைதானார், தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

போருக்குப் பின் மின்விளக்கு வந்து வாயு விளக்கை விழுங்கிவிட்டது. அத்தோடு இந்தக் கரை ஓய்ந்திருக்க வேண்டும், அதுதான் சுரங்கங்களின் வழக்கம். ஆனால் அதுவரை குப்பையாக ஒதுக்கிய கருப்பு இல்மனைட்டுக்கு விலை வந்தது. அதிலிருந்து எடுக்கிற டைட்டானியம் ஆக்சைடு உலகத்திலேயே வெண்மையான சாயங்களில் ஒன்று. வீட்டுச் சுவரின் வெள்ளை, தாளின் வெள்ளை, பற்பசையின் வெள்ளை எல்லாம் கருப்பு மணலிலிருந்து வந்தவை என்பதை முதல் தடவை கேட்கிறவர் நம்ப மாட்டார். அணுகுண்டு வெடித்த பிறகு மோனசைட்டுக்கு மறுபடியும் மதிப்பு ஏறியது. தோரியத்தை அணு உலையில் எரிபொருளாக மாற்றலாம் என்று தெரிந்ததும், 1947-இல் திருவிதாங்கூர் தனிநாடு கேட்டபோது இந்த மணலும் பேரத்தில் ஒரு சீட்டானது. 1950-இல் இந்திய அரு மணல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்தது. 1965-இல் மணவாளக்குறிச்சி ஆலை அந்த நிறுவனத்தின் கைக்கு வந்தது.

உள்ளே நடப்பது ரொம்ப நுட்பமான வேலை, கேட்டால் எளிது. ஒவ்வொரு மணியிடமும் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்: நீ கனமா, காந்தத்துக்கு வருவாயா, மின்சாரத்தைக் கடத்துவாயா? இல்மனைட் காந்தத்துக்கும் வரும், மின்சாரத்தையும் கடத்தும். ரூட்டைல் கடத்தும், காந்தத்துக்கு வராது. சிர்கான் இரண்டுக்கும் அசையாது. கார்னெட்டும் மோனசைட்டும் காந்தத்துக்குக் கொஞ்சம் மசியும், மின்சாரத்துக்கு மசியாது. இப்படிப் பிரித்துப் பிரித்து ஆண்டுக்குச் சுமார் 90,000 டன் இல்மனைட்டும் 10,000 டன் சிர்கானும் எடுக்கும் திறன் கொண்டது ஆலை. சிர்கான் தரை ஓட்டுக்கும் பீங்கானுக்கும் போகிறது. கார்னெட் உப்புத்தாளுக்கும் இரும்பைத் துடைக்கவும் போகிறது. மோனசைட்டில் உள்ள நியோடிமியம் மின்மோட்டார்களுக்கும் சிலவகைக் காற்றாலைகளுக்கும் காந்தமாகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழல்கிற மாவட்டத்திலேயே இந்த மணலும் கிடைக்கிறது என்பதை யாராவது பள்ளிப் பாடத்தில் சேர்த்தால் நல்லது.

ஆலைக்கு வருகிற மணலில் பெரும்பங்கு, சுற்றியிருக்கும் கடலோர ஊர்களின் மீனவர் கரையில் ஒதுங்கியதை அள்ளிக் கொடுப்பது. மீன் இல்லாத நாளில் மணல். கடல் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடுகிறது என்று இதைப் புகழ்ந்து எழுதலாம். எனக்கு அப்படி எழுதத் தோன்றவில்லை. அள்ளுகிற அளவுக்குக் கடல் உள்ளே ஏறுகிறது என்பது கரையில் குடியிருப்பவர்களின் நெடுநாள் முறையீடு. கல்லைக் கொட்டி எழுப்பிய தடுப்புச் சுவர்கள் குமரிக் கரை நெடுக நிற்கின்றன.

கடலில் குளிக்கிற எண்ணத்தை மாற்றிக்கொண்டது அந்தக் கற்களைப் பார்த்துத்தான். கிழக்கே கடியபட்டணம் பக்கம் நடந்தேன். வேளிமலையில் பிறந்து பத்மநாபபுரம் பக்கமாக இறங்கி வரும் வள்ளியாறு அங்கேதான் கடலில் சேர்கிறது. சேர்கிறது என்பது மழைக்காலத்துப் பேச்சு. மாசி பங்குனியில் ஆற்றுக்கு உந்தித் தள்ள வலு இருக்காது. கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். குமரியில் பொழி என்று சொல்கிற இந்த முகத்துவாரம் அப்போது ஒரு காயலாகக் கட்டி நிற்கும். ஒரு பக்கம் ஆற்றின் நன்னீர், மறுபக்கம் மணல் மேட்டைத் தாண்டி அவ்வப்போது விழுகிற அலை. கருமணல் தரை, அதன்மேல் உவர்நீர். நான் தேடி வந்ததற்கு இதைவிட நெருக்கமாக இந்தக் கரையில் எதுவும் இல்லை.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பாட்டாவிடம், இறங்கலாமா என்று கேட்டேன்.

"எறங்கு மக்கா. இந்த ஓரமாட்டு எறங்கு. அங்க பொழி வெட்டுன எடம், அங்கோட்டுப் போவாத. அடியில குழி கெடக்கும்."

வெயில் ஏறியிருந்தது. கருமணல் சூட்டை அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிறது. தண்ணீர் ஓரம் வரைக்கும் குதிகாலில் ஓட வேண்டியிருந்தது. இறங்கிய பிறகுதான் வேடிக்கை. மேலே தண்ணீர் வெதுவெதுப்பு. முழங்காலுக்குக் கீழே குளிர்ச்சி. அடித்தரையில் காலை ஊன்றினால் மறுபடி சூடு. நன்னீர் மேலேயும் கனத்த உப்புநீர் அடியிலும் தனித்தனியாகப் படுத்திருக்கும் என்று படித்திருக்கிறேன். தொடை ஒரு தண்ணீரிலும் பாதம் இன்னொரு தண்ணீரிலுமாக நின்றது அன்றைக்குத்தான். ஒரு மிடறு வாயில் பட்டது. கடல் அளவு கரிக்கவில்லை, ஆறு அளவு இனிக்கவுமில்லை. சிவாவைப் போல மிதக்க முடியாது. கையையும் காலையும் அடித்தால்தான் நிற்கலாம். அடி மணலோ சேறில்லாமல் கெட்டியாக இருக்கிறது, காலை வாங்குவதில்லை. ஊர்ப்பையன்கள் மணல்மேட்டிலிருந்து ஓடிவந்து குட்டிக்கரணம் போட்டுத் தண்ணீரில் விழுந்தார்கள். ஒருவன் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டே போனான். வெளியே எடுத்தபோது கருப்பு மயிர் சிலிர்த்து நின்றது. மீன் பிடிக்கிற கணக்கில் ஒரு கும்பலே அவன் பின்னால்.

குளித்துவிட்டு வந்து பாட்டா பக்கத்தில் உட்கார்ந்தேன். மணலைப் பற்றிக் கேட்டேன்.

"ஆனி ஆடில வந்து பாக்கணும். ஒரு ராத்திரியில கரை முழுசும் கறுத்திரும். காலத்த அள்ளுவம், சாயங்காலம் பின்னயும் கெடக்கும்."

"அள்ளுனா கடல் உள்ள வந்திரும்னு சொல்றாங்களே பாட்டா?"

"வரத்தானே செய்யும். எங்க அப்பன் வள்ளம் ஏத்தி வச்ச எடம் இப்ப கடலுக்க உள்ள கெடக்கு. கம்பெனி இல்லன்னா சோறு இல்லன்னும் சொல்லுவான், கம்பெனியால கரை போச்சுன்னும் சொல்லுவான். ரெண்டும் ஒரே ஆளுதான் சொல்லுவான். நானே சொல்லியிருக்கேன்."

இந்த மணலைப் பற்றிப் படித்த அறிக்கைகள் எதிலும் இவ்வளவு நேர்மையான ஒரு வாக்கியத்தைப் பார்க்கவில்லை.

சுனாமியைப் பற்றியும் அவரே எடுத்தார். இந்தக் கரைக்குச் சற்று உள்ளே ஏ.வி.எம். கால்வாய் என்று ஒன்று கிடக்கிறது. அனந்தபத்மநாபன், விக்டோரியா மகாராணி, மார்த்தாண்டவர்மா மூவர் பெயரையும் சூட்டி, திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகு விட 1860 வாக்கில் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய வேலை. பாதியில் நின்றுபோனது. இந்தப் பகுதியில் உண்மையிலேயே தோண்டிவிட்டுக் கைவிட்ட பள்ளம் என்றால் அதுதான். 2004 டிசம்பர் 26 காலை, குளச்சல், கொட்டில்பாடு பக்கம் அலைக்குத் தப்பி உள்நோக்கி ஓடியவர்களை அந்தக் கால்வாய் குறுக்கே கிடந்து மறித்தது. கருமணல் கலந்த தண்ணீர் அதை நிரப்பியது. தாண்ட முடியாமல் அதிலேயே மாண்டவர்கள் பலர். கைவிட்ட பள்ளத்தில் தண்ணீர் நிற்பதை வேடிக்கை பார்க்கப் போகிற என்னைப் போன்றவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மணல் சுரங்கத்தில் குழி எப்படி இருக்கும் என்று கேட்டால், கரையில் அள்ளியதற்குக் குழியே கிடையாது. அடுத்த காலவர்ஷத்தில் கடல் மூடிவிடும். உள்நிலத்தில் தோண்டும்போது கதை வேறு. ஒடிசாவின் சத்திரப்பூரில் இதே நிறுவனம் நடத்துகிற மிதவை முறையைச் சொல்கிறேன். நிலத்தடி நீர் ஊறும் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி அதை ஒரு குளமாக்குகிறார்கள். குளத்தில் ஒரு தோண்டு கப்பல் மிதக்கிறது. முன்கரையை அரித்து மணலை உறிஞ்சி, கனிமத்தை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய வெள்ளை மணலைப் பின்னால் கொட்டிக்கொண்டே போகிறது. முன்னால் வெட்ட, பின்னால் தூர, குளம் மெல்ல நகர்கிறது. அது கடந்து போன இடத்தில் மறுபடி மண் போட்டு மரம் நட வேண்டும் என்பது விதி. சிவாவில் நிற்கிற மாதிரி ஒரு குளம் இங்கே நிற்கவே நிற்காது. அங்கே உப்பை வெட்டிய கம்பெனி பள்ளத்தை விட்டுவிட்டுப் போனால் கேட்பதற்கு ஆள் குறைவு, சுற்றிலும் மணல்தான். இங்கே குழிக்கு ஐம்பது அடியில் வீடு, வீட்டுக்கு ஐம்பது அடியில் கோவில், அதற்கடுத்து ஒரு மாதா கோவில். விட்டுவிட்டுப் போக முடியாத சுரங்கம் இது.

கதிர்வீச்சு பற்றிச் சொல்லாமல் இந்த ஊரை எழுதினால் ஒளித்ததாகும். மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு சுமார் 9 சதவீதம். அதனால் இந்தக் கரையின் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம். உலகில் ஒரு மனிதருக்கு இயற்கையாகக் கிடைப்பது சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். இதுபோன்ற கரைகளில் அது பல மடங்காகும் இடங்கள் உண்டு. பிரேசிலின் குவாரபாரி நகரில் இதே மோனசைட் மணலுக்குள் கழுத்துவரை புதைந்து படுத்துக்கொண்டால் மூட்டுவலி தீரும் என்று நம்பிக் காசு செலவழித்துப் போகிறார்கள். சின்னவிளையில் அதே மணலைக் கண்டு புற்றுநோய் வருமோ என்று பயந்து கிடக்கிறார்கள். சுற்றுலாவுக்கு வந்தவருக்கு மணல் மருந்து, குடியிருப்பவருக்கு அதே மணல் சந்தேகம். நாலு நாள் படுத்துவிட்டு ஊர் திரும்புகிறவரும், அதிலேயே பிறந்து தவழ்ந்து சாகிறவரும் ஒரே கேள்வியைக் கேட்க முடியாது.

இதற்கு ஒழுங்கான பதில் தேடிய ஓர் இடம் உண்டு. சவரா அமைந்திருக்கிற கருநாகப்பள்ளி வட்டத்தில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் வீடு வீடாகப் போய்க் கதிர்வீச்சை அளந்து, ஏறத்தாழ 70,000 பேரை 2005 வரை தொடர்ந்து கவனித்தது. 2009-இல் வெளியான முடிவு, இந்தக் கதிர்வீச்சினால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. நல்ல செய்திதான். ஆனால் கேரளத்தில் எடுத்த கணக்கைக் காட்டி மணவாளக்குறிச்சித் தாயைச் சமாதானப்படுத்த முடியாது. அவள் கேட்பது தன் தெருக் கணக்கை.

மாலையில் முட்டம் போனேன். அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம். 'கடலோரக் கவிதைகள்' பார்த்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பாறைகள் தெரியும். படத்தில் வந்ததைவிட எனக்குப் பிடித்தது அங்கிருக்கிற செம்மண் தேரி. இரும்பு ஆக்சைடு பூசிய செம்மணலை மழை அறுத்து ஓடைகளாகப் பிளந்திருக்கிறது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த ஒரு காலத்தில் காற்று அள்ளி வந்து குவித்தது என்பது புவியியலாளர் கணிப்பு. திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரிக்கு இது தம்பி. குமரியில் பாலைவனம் இல்லை என்று மேலே எழுதினேன். இந்த ஓடைக்குள் இறங்கி நின்றால் நாலு பக்கமும் சிவப்புதான் தெரியும். அலைச்சத்தம் மட்டும் கேட்காமல் இருந்தால் சிவாவில் நிற்பதாக நினைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு அக்காவிடம் அக்கானி வாங்கிக் குடித்தேன். பொழித் தண்ணீரின் கரிப்பு நாக்கிலிருந்து போக இரண்டு குவளை தேவைப்பட்டது.

திரும்புகிற வழியில் பேருந்தில் பேச்சு எல்லாம் கிள்ளியூரைப் பற்றி இருந்தது. மேற்கே அந்த வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஊர்களில் சுமார் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டம் இருக்கிறது. 2024 அக்டோபர் 1-ஆம் தேதி நடப்பதாக இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பினால் தள்ளிவைக்கப்பட்டது. மணல் வேண்டாம் என்று சொல்கிறவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதுகிறவர்கள் மணவாளக்குறிச்சிக்கு வந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நாட்டுக்குத் தோரியம் வேண்டும், காந்தம் வேண்டும், வெள்ளைச் சாயம் வேண்டும், மறுக்கவில்லை. கிள்ளியூர்க்காரர்கள் மணலைப் பார்க்கவில்லை, மணவாளக்குறிச்சியைப் பார்க்கிறார்கள். நூறு ஆண்டு மணல் எடுத்த கரையில் கடல் எவ்வளவு உள்ளே வந்தது, எந்தத் தெருவில் என்ன நோய், எடுத்த இடம் இன்று எப்படி இருக்கிறது என்பதற்கு, அவர்கள் நம்பும்படியான கணக்கு அவர்கள் கைக்கு வரவேண்டும்.

அதனால் அரசுக்கும் ஆலைக்கும் ஒரு வேண்டுகோள். கருநாகப்பள்ளியில் செய்த மாதிரி வீடு வீடாகப் போய் அளந்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, முடிவைத் தமிழில் அச்சிட்டு மணவாளக்குறிச்சியின் ஒவ்வொரு வீட்டிலும் கொடுங்கள். கரை அரித்த கணக்கையும் அதோடு சேருங்கள். கிள்ளியூரில் கூட்டம் போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

குளிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: மாசி பங்குனியில் போங்கள், ஆனி ஆடியில் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். பொழியில் இறங்கும் முன் கரையில் இருக்கிற பெரியவர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மணலைப் பொட்டலம் கட்டி எடுத்து வராதீர்கள். மோனசைட் அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிற பொருள்.